நான் சுவரில் இருந்த காலம்

லண்டனில், எலிபன்ட் அன்ட் காசில் என்ற பகுதியில், எங்கள் பலசரக்குக் கடை ஒரு வரிசையின் கடைசியில் இருந்தது. கடைசிக் கடை என்பதால் மற்றக் கடைக்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை எங்களுக்கு இருந்தது: வீதியைப் பார்த்தபடி நின்ற பெரிய பக்கச் சுவர். குடித்துவிட்டு வருபவர்கள் அதன் ஓரமாக ஒதுங்குவார்கள். பெடியங்கள் கறுப்பு மையை விசிறித் தங்கள் பெயர்களைக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். என் கணவரை நான் 'இவர்' என்றுதான் சொல்லிப் பழக்கம். இவர் வெயில் காலம் வந்தால் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ற்றோடு ஏணியில் ஏறுவார். வெள்ளை காய்வதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும். "வெள்ளையடிக்கிறது அவங்களுக்கு எழுதப் புதுக் கொப்பி வாங்கிக் குடுக்கிற மாதிரிக் கிடக்கு" என்று ஒருநாள் ஏணியை மடக்கி வைத்தவர், பிறகு அந்தச் சுவரின் பக்கம் போகவில்லை.

அந்தப் பகுதியில் எங்கள் சனம் இல்லை என்றே சொல்லலாம். வாடகை குறைவு என்று யாரோ சொன்னதை நம்பிக் கடையைத் திறந்தோம். சிவப்பரிசி, கருவாடு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் அழகாக அடுக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஸ்பானிஷ் பேசினார்கள். கொலம்பியா, ஈக்வடோர், பொலிவியா என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். ரெயில் பாலத்தின் வளைவுகளுக்குள் அவர்களுடைய முடி வெட்டும் கடைகளும் தையல் கடைகளும் இருந்தன. எங்கள் கடைக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒரு புன்னகை செய்துவிட்டு வெறுங்கையோடு போவார்கள்.

ஒருநாள் எதிர்ப்பக்கம் கோப்பிக்கடை வைத்திருந்த கொலம்பியா அம்மா உள்ளே வந்தார். முழங்கை நீளத்துக்குக் கையைக் காட்டி, தோல் உரிப்பதுபோல் பாவனை செய்து, "யூக்கா, யூக்கா" என்றார். எனக்கு விளங்கவில்லை. தன் தொலைபேசியில் படத்தை எடுத்துக் காட்டினார். மரவள்ளிக் கிழங்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கிழமை மரவள்ளியும் வாழைக்காயும் கொத்தமல்லி இலையும் கட்டுக்கட்டாக வாசலில் இறங்கின. கடை எழும்பியது அப்படித்தான். சனிக்கிழமைகளில் கோப்பிக்கடையிலிருந்து பாட்டுச் சத்தமும் பொரிக்கிற மணமும் வரும். அந்த அம்மா எங்களுக்கென்று ஒரு தட்டில், உள்ளே இறைச்சி வைத்து மடித்துப் பொரித்த எம்பனாடா அனுப்புவார். அது எங்கள் பற்றிஸ்தான், கொஞ்சம் பெரிது. இவர் அதை எங்கள் மிளகாய்ச் சோஸில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்பதான் சரி" என்பார்.

அந்த வீதிகளில் சுவர்கள் எல்லாம் படங்களாக இருந்தன. தலையில் பூக்கூடை வைத்த பெண்கள், கண்ணை மூடிக் கிற்றார் வாசிக்கும் ஒரு கிழவர், மனிதன் அளவுக்குப் பெருத்த தேன்சிட்டு. பாலத்துக்குக் கீழே பூக்களால் சோடித்த ஒரு மண்டையோடு சிரித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை அதைக் கண்ட அன்று, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இதில் முழித்தேனே என்று மனம் சங்கடப்பட்டது. போகப்போகப் பழகிவிட்டது. பிறகு பிறகு, வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் அதைக் காணாவிட்டால் ஏதோ குறைந்ததுபோல் இருக்கும்.

எங்கள் சுவருக்குப் படம் கீறலாமா என்று கேட்டு வந்ததும் கோப்பிக்கடை அம்மாதான். கூடவே ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். பின்னிய கூந்தல், பெயின்ற் தெறித்த சப்பாத்து. விடிய வெள்ளன அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை செய்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு சுவர்களில் படம் கீறுகிறவள் என்று அந்த அம்மா அறிமுகம் செய்தார். சுவர் எங்களுடையது இல்லை, கட்டடச் சொந்தக்காரனைக் கேட்க வேண்டும் என்று இவர் சொன்னார். கட்டடக்காரன், தனக்குச் செலவில்லை என்றால் என்னவும் செய்யுங்கள் என்றுவிட்டான்.

அதன் பிறகு அவள் அடிக்கடி கடைக்கு வந்தாள். ஒன்றும் வாங்கமாட்டாள். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்ப்பாள். எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. எதையாவது எடுத்துப் பையில் போடப் பார்க்கிறாளோ என்றுகூட நினைத்தேன். ஒருநாள் கல்லாவுக்கு வந்து, தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்கள் முகம் வேண்டும். சுவருக்கு."

"என்ர முகம் எதுக்கு?"

"மற்றச் சுவர்களில் எல்லாம் எங்கள் ஊர் முகங்கள். இது இந்தத் தெருவின் சுவர். இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த முகம் உங்களுடையது."

இவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று கடை பூட்டும்போது கேட்டேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார். "பொம்பிளையின்ர முகத்தைக் கொண்டுபோய்ச் சுவரில கீறினால் சனம் என்ன சொல்லும்?"

"இஞ்ச எங்கட சனம் ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

அவர் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வியாபாரம் மந்தமான பின்னேரங்களில், வாசலில் பால் போத்தல்கள் வருகிற ஒரு கிறேற்றைக் கவிழ்த்துப் போட்டு என்னை அதில் இருத்தினாள். படம் எடுத்தாள், கடதாசியில் கீறினாள், அழித்தாள், திரும்பவும் பார்த்தாள். அவ்வளவு நேரம் என் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. கலியாணத்துக்குப் பார்க்க வந்தவர்கள்கூட என் கையிலிருந்த தேத்தண்ணித் தட்டைத்தான் கூடுதலாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு என் முகத்தை ஒருவர் கவனமாகப் பார்த்தது குரோய்டனில், அகதி விண்ணப்பத்துக்குப் படம் எடுத்தபோது. அங்கே சிரிக்கக் கூடாது என்றார்கள். இவள் சிரிக்கச் சொல்லவும் இல்லை, சிரிக்காதே என்று சொல்லவும் இல்லை. "கடையில் ஆளில்லாதபோது எப்படி இருப்பீர்களோ அப்படி இருங்கள்" என்றாள். அது எப்படி என்று எனக்கே தெரியாது.

இருவருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. அதனாலேயே கதைப்பது சுகமாக இருந்தது. பிழை விட்டால் இருவரும் சேர்ந்து விடுவோம். அவளுடைய தாய் கடற்கரையில் மீன் விற்கிறவராம். கலைக் கல்லூரியில் படிக்க வைத்த மகள் லண்டனுக்குப் போய் யாரோ ஒருவரின் மேசையைத் துடைக்கிறாள் என்று தாய்க்குச் சொல்லவில்லையாம். சுவர்ப் படங்களை மட்டும் அனுப்புவாளாம். நான் என் பக்கத்தைச் சொன்னேன். என் அம்மா செத்தபோது அகதி வழக்கு முடியாமல் இருந்ததால் நான் ஊருக்குப் போக முடியவில்லை என்று சொன்னேன். அவள் பென்சிலை மடியில் வைத்தாள். பிறகு அதை எடுத்துத் திரும்பவும் கீறினாள்.

எனக்கு இரண்டு கோரிக்கைகள் இருந்தன. நரைமயிரைக் கறுப்பாக்க வேண்டும், மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்க வேண்டும். இரண்டையும் கேட்டுத் தலையாட்டினாள். இரண்டையும் செய்யவில்லை. நரையை வெள்ளி நிறத்தில் பளபளவென்று தீட்டினாள். மூக்குத்தியை ஒரு சின்னச் சூரியனாக்கிவிட்டாள். நான் குளிருக்குப் போடும் பழைய பச்சைக் கம்பளிச் சட்டையில் தன் ஊர்ப் பூக்களைத் தையல் வேலைபோல் நிரப்பினாள். தலைக்குப் பின்னால் மரவள்ளி இலைகள் விரிந்து நின்றன. தோளில் ஒரு கிளி. அவர்கள் நாட்டு நீண்ட வால் கிளி. சிவப்பில் இருந்திருக்க வேண்டியது. அந்த வாரம் சிவப்புப் பெயின்ற் முடிந்துவிட்டதாம். பச்சை நிறையக் கிடந்தது. கிளி பச்சையாகிவிட்டது.

இவர் முதல் இரண்டு மூன்று நாட்கள் வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை. பிறகு ஏணி ஆடுகிறது என்று பிடிக்கப் போனார். பிறகு தேத்தண்ணி கொண்டுபோனார். ஒருநாள் நான் உள்ளே அழுகின வெங்காயத்தைத் தெரிந்து ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது இவருடைய குரல் கேட்டது.

"நாடி பிழை" என்று அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். "இவ்வளவு கூர் இல்லை. நடுவில சின்னக் குழி ஒண்டு இருக்கு. கோபம் வந்தால் இன்னும் நல்லாத் தெரியும்."

நான் வெங்காயத்தைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன். என் நாடியில், வாய்க்குக் கீழே, ஒரு குழி இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அதை இவர் பார்த்திருக்கிறார் என்பதும், கோபத்தில் பார்த்து வைத்திருக்கிறார் என்பதும் அன்றுதான் தெரியும். அவள் நாடியைத் திருத்தினாள். இவர் ஏணிக்குக் கீழே நின்று, கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்த அன்று கோப்பிக்கடை அம்மா கதிரைகளை வெளியே போட்டு எல்லோருக்கும் கோப்பி கொடுத்தார். அவருடைய கணவர் அந்த வருடத் தொடக்கத்தில்தான் மாரடைப்பில் போயிருந்தார். வாழைக்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற, சத்தமாகச் சிரிக்கிற மனிதர். சித்திரக்காரி அவரையும் சுவரின் மூலையில், ஒரு இலைக்குள், கையில் கோப்பிக் கோப்பையோடு சிறியதாகக் கீறியிருந்தாள். அந்த அம்மா கிட்டப் போய் அந்த இலையைத் தடவிப் பார்த்தார். விரலில் பச்சை ஒட்டியது. அதை அவர் துடைக்கவில்லை.

பிறகு எங்கள் சனத்தின் முறை வந்தது. யார் எடுத்து அனுப்பினார்களோ, படம் வட்ஸ்அப்பில், லண்டனின் மறுகோடியில் எங்கள் சனம் இருக்கிற செவன் கிங்ஸ் வரைக்கும் போய்விட்டது. அங்கே இருந்த இவருடைய அக்கா, என் மச்சாள், தொலைபேசி எடுத்தார்.

"என்ன, எலெக்சனில நிக்கிறீரோ?"

"இல்லை மச்சாள், ஒரு பிள்ளை ஆசைப்பட்டுக் கீறினது."

"செத்த ஆக்களுக்குத்தான் இப்பிடிப் பெரிசாப் படம் வைக்கிறது. உயிரோட இருக்கிற ஆளுக்கு ஏன் இந்த வேலை?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நேரில் வந்தும் பார்த்தார். சுவருக்கு முன்னால் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். "மூக்கு அப்பிடியே வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். போகும்போது சுவருக்கு முன்னால் நின்று தன்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்.

கிளியால் வந்த கதைதான் பெரிது. பக்கத்து மருத்துவமனையில் வேலை செய்த தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி ஒரு மாலை கடைக்குள் வந்தாள். முதல் தடவை வருகிறாள்.

"அக்கா, நீங்க தமிழா? வெளியில மீனாட்சி அம்மன் படம் இவ்ளோ பெருசா வரைஞ்சிருக்காங்களே, யாரு வரைஞ்சது? பஸ்ல இருந்து பாத்துட்டு இறங்கி வந்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாசலுக்குப் போய்ச் சுவரை எட்டிப் பார்த்தாள். திரும்பவும் என் மூக்குத்தியைப் பார்த்தாள்.

"ஐயோ, அது நீங்களா அக்கா?"

"ஓம் பிள்ளை, நான்தான்."

"நான் செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டேனே" என்று அவள் சொல்ல, இவர் மிளகாய்த்தூள் அடுக்குக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் கடை ஆளாகிவிட்டாள். தன்னோடு வேலை செய்கிறவர்களையும் கூட்டி வந்தாள். சுவருக்குக் கீழே இடைக்கிடை இரண்டு பூக் கிடக்கும். யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. "இனிச் சாமான் வாங்க வாற சனம் கற்பூரமும் கொண்டு வரப்போகுது" என்று இவர் சொல்லித் திரிந்தார். அதில் ஒரு பெருமை இருந்தது என்று எனக்கு இப்போது படுகிறது.

நவம்பர் வந்தது. அந்தத் தெருவில் இருந்தவர்கள் மாதத் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைப்பார்கள். கோப்பிக்கடை அம்மா கணவருடைய படத்துக்குக் கீழே மெழுகுதிரிகள் வைத்தார். மற்றவர்கள் செவ்வந்திப் பூவும் வீட்டில் சுட்ட இனிப்புப் பாணும் கொண்டுவந்தார்கள். அந்த மூலை போதாமல் பூக்கள் சுவர் நீளத்துக்கும் பரவின. என் முகத்துக்கு நேர் கீழேதான் நடு இடம் என்பதால் பெரிய மெழுகுதிரிகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன.

மறுநாள் ஒரு கட்டட வேலைக்காரர், ஈக்வடோர்க்காரர், மோட்டார்ச் சைக்கிள் தொப்பியோடு உள்ளே வந்தார். கல்லாவில் என்னைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அம்மா, நேற்று உங்களுக்கு நான் மெழுகுதிரி ஏற்றினேனே. நல்ல பெண், பாவம் என்று என் மனைவியிடமும் சொன்னேன்."

"பரவாயில்லை" என்றேன். "நல்ல பெண் எண்டு சொன்னதை மாத்த வேண்டாம்."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கிலோ மரவள்ளி வாங்கிக்கொண்டு போனார். ஆனால் மச்சாளின் சொல் எனக்குள் எங்கோ குத்திக்கொண்டிருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்ட அந்தத் தெருவில், வெளியே போய் என் முகத்துக்குக் கீழே எரிந்த விளக்குகளைப் பார்த்தேன். பயமாக இருக்கும் என்று நினைத்தேன். பயமாக இல்லை. கோப்பிக்கடை அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும்? சாப்பிட?" என்று கேட்டார்.

அம்மாவைப் பற்றி நான் அவருக்குச் சொன்னதில்லை. சித்திரக்காரி சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்குப் பால்தேத்தண்ணியில் மாரி பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிடுவதுதான் உலகத்திலேயே பெரிய இன்பம். சொன்னேன். "அப்படியென்றால் கொண்டு வா" என்றார், கடையில் சாமான் கேட்பதுபோல.

உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். இவர் பிஸ்கட் பெட்டியை உடைத்துத் தட்டில் வைத்துத் தந்தார். சுவருக்குக் கீழே, யாரோ வைத்த பாணுக்கும் பூவுக்கும் நடுவில் அதை வைத்தேன். ஒரு மெழுகுதிரியை எடுத்து ஏற்றினேன். அம்மாவின் செத்தவீடு நடந்தபோது நான் ஒரு வாடகை அறையில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, அங்கே சனம் அழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தேன். அழக்கூட அன்று எனக்கு வரவில்லை. இங்கே, அம்மா கேள்வியே படாத மொழியில் பாட்டு ஒலிக்க, முன்பின் தெரியாத ஆட்கள் பக்கத்தில் நிற்க, நன்றாக அழுதேன். யாரும் என்னை ஆறுதல்படுத்த வரவில்லை. அந்த அம்மா தன் கணவரோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும் எனக்குப் பசித்தது. தட்டில் இருந்த ஒரு பிஸ்கட்டை எடுத்து நானே சாப்பிட்டேன்.

இரண்டு மூன்று நவம்பர்கள் அப்படிப் போயின. பிறகு எங்கள் வரிசையையும் எதிர் வரிசையையும் இடித்து உயரமான வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கூட்டங்கள் நடந்தன, கையெழுத்து வாங்கினார்கள், கோப்பிக்கடை அம்மா மெகாபோனில் ஸ்பானிஷில் பேசினார். இவர்கூட ஒரு கூட்டத்தில் எழும்பிக் கதைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொருவராகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சித்திரக்காரி ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். அங்கே மொழி தெரியும், வெயிலும் இருக்கும் என்றாள். நாங்கள் குரோய்டன் பக்கம் கடை எடுத்தோம். இங்கே எங்கள் சனம் நிறைய. வியாபாரம் குறையில்லை. ஆனால் இரண்டு கடைகளுக்கு நடுவில் இறுகிக் கிடக்கிற கடை இது. யாரும் வந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்ப்பதில்லை.

இடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று தமிழ்நாட்டுப் பெண் செய்தி அனுப்பிய அன்று, இவர் மத்தியானமே கடையைப் பூட்டினார்.

"வாரும், ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரை போயிருந்தது. முன்பக்கமும் போயிருந்தது. பக்கச் சுவர் மட்டும் தனியாக நின்றது. தகர வேலிக்கு மேலால் என் நெற்றியும் கண்ணும் கிளியின் தலையும் தெரிந்தன. இயந்திரம் அதற்குப் பக்கத்தில் கல் அள்ளிக்கொண்டிருந்தது. இவர் நாலு பேர் பார்க்க ஒன்றும் செய்யாத மனிதர். கோவிலில்கூடக் கடைசி வரிசையில் நிற்பவர். அன்று நேராக வாசலுக்குப் போய், மஞ்சள் சட்டை போட்ட மேற்பார்வையாளரிடம் சுவரைக் காட்டி, ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்.

"அது என்னுடைய மனைவி."

அந்த மனிதர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன். அவர் வயர்லெஸ்ஸில் ஏதோ சொல்ல, இயந்திரம் நின்றது. எங்களுக்கு இரண்டு தொப்பிகள் தந்து, வேலிக்கு உள்ளே கொஞ்சத் தூரம் கூட்டிக்கொண்டு போனார். இவரையும் என்னையும் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துத் தந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிக்க வேணும், மேடம்" என்றார். அவர் என்ன செய்வார், அவருக்கு அது வேலை. நான் பரவாயில்லை என்று தலையாட்டினேன். விழுவதைப் பார்க்க நாங்கள் நிற்கவில்லை.

கோப்பிக்கடை அம்மா இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் கீழ்மாடியில் சின்ன இடம் பிடித்திருந்தார். எங்களைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். கோழியும் சோளமும் போட்ட சூப் வந்தது. இவர் முதல் கோப்பையைக் குடித்துவிட்டு, உப்புக் கொஞ்சம் கூட என்று எனக்குத் தமிழில் சொன்னார். பிறகு இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. குடை கொண்டு வரவில்லை. விடட்டும் என்று இருந்தோம்.